தெற்கே சாய்ந்த வெயில்

ஐப்பசி

கோவைப் பக்கம் ஐப்பசி மழை பெரும்பாலும் மாலையில்தான் வரும். பகலெல்லாம் புழுங்கும், மூன்று மணிக்கு மேல் மேகம் கருக்கும், விளக்கு வைக்கும் நேரத்தில் இடியோடு இறங்கும். மொட்டை மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்குப் பனிக்காலத்து வேலை இங்கேயே தொடங்கிவிடுகிறது. பனியும் குளிரும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் இடி வருவதற்கு முன் முடிக்க வேண்டியது ஒன்று உண்டு.

எல்லோருடைய கண்ணும் பேனலின் கண்ணாடி மேல்தான் இருக்கும். இந்த மாதத்தில் நான் மண்ணைப் பார்க்கிறேன். வீட்டின் பக்கவாட்டுச் சுவரோரம் மூன்று எர்த் குழிகள் இருக்கின்றன. ஒன்று இடிதாங்கிக்கு, ஒன்று பேனலுக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும், ஒன்று இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் ஏ.சி. பக்கத்துக்கு. மூடியைத் தூக்கினால், கம்பியும் பட்டையும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவி மூடினால் அடுத்த ஐப்பசி வரை கவலையில்லை. குழி காய்ந்து கிடந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். ஈர மண்தான் மின்சாரத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும்.

மின்னல் நம் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. தெருக்கோடியில் விழுந்தாலும் நீளமாக ஓடும் கம்பிகளில் கண நேரத்துக்குப் பெரும் அழுத்தம் எழும். அதை வாங்கி மண்ணுக்கு அனுப்பத்தான் டி.சி. பெட்டிக்குள் எஸ்.பி.டி. என்று ஒரு சிறு கட்டை இருக்கிறது. அதன் முகப்பில் நகத்தளவு ஒரு சாளரம். பச்சையாக இருந்தால் நலம். சிவப்பாகியிருந்தால், நாம் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஓர் இரவில் அது ஓர் அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு முடிந்துபோயிருக்கிறது என்று பொருள். பெட்டியின் கண்ணாடி மூடி வழியாகவே பார்த்துவிடலாம். பொருத்திய நாளுக்குப் பிறகு அந்தச் சாளரத்தை யாரும் பார்க்காத வீடுகள் ஏராளம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காவல் காக்கிற ஒன்றை எப்போதாவது ஏறிட்டுப் பார்ப்பது நம் கடமை.

கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி இடைவெளி இருந்தால் மழைக்கு ஒதுங்கும் பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் குடிபோகும். அதையும் இப்போதே அடைத்துவிட வேண்டும்.

அடைமழை நாட்களில் இன்வெர்ட்டர் காட்டும் எண் மனத்தைத் தளர்த்தும். எங்கள் மாடியில் ஆறு பேனல்கள். ஒவ்வொன்றும் 540 வாட். நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரை தருகின்றன. மூடாக்குப் போட்டுக் கிடக்கும் நாளில் அதில் கால்வாசி வந்தாலே அதிகம். உடனே, பொருத்திக் கொடுத்தவருக்குப் போன் போடத் தோன்றும். பழுதா, பருவமா என்று பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் வழி எளியது. மேகம் விலகிய ஒரு நண்பகலுக்காகக் காத்திருப்பேன். பருவம்தான் காரணமென்றால் அந்த நண்பகலில் எண் பழைய உயரத்துக்கு ஏறிவிடும். பழுதென்றால் அப்போதும் படுத்தே கிடக்கும். இடைப்பட்ட நாட்களில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நாட்கள் எனக்குப் பிடிக்கும். வானத்தின் வேலையை வானத்திடமே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்துவிடலாம்.

மேகத்துக்கு அடியிலும் பேனல் கொஞ்சமாவது தருகிறது என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம். வெயில் நேராக விழாவிட்டாலும், வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் வெளிச்சத்தை அது எடுத்துக்கொள்கிறது. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் உருவாக்கிய சிலிக்கான் மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். அது தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்று சாதாரண வீட்டுப் பேனலே 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 1958-இல் வானுக்குப் போன வான்கார்டு 1 என்ற சின்னஞ்சிறு செயற்கைக்கோள், சூரிய மின்கலங்களின் தயவில் 1964 வரை வானொலிக் குறிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே மேகமில்லை, காக்கையில்லை, பனியில்லை. துடைக்க ஆளும் தேவைப்படவில்லை. பூமியில் இருப்பதால்தான் பேனலுக்கு ஒரு வீட்டுக்காரர் வேண்டியிருக்கிறது.

கார்த்திகை

மழையே பேனலைக் கழுவிவிடும் என்பார்கள். மழை கண்ணாடியின் நடுப்பகுதியைக் கழுவுகிறது. அங்கிருந்து வழித்த மண்ணைக் கீழ்விளிம்புக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போகிறது.

கோவை நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் இங்கே பேனலைத் தெற்குப் பார்த்து 10, 12 டிகிரி சாய்த்து வைப்பார்கள். இந்தச் சிறு சாய்வில் தண்ணீர் முழுதாக வடியாது. கீழே அலுமினியச் சட்டத்தின் விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். அதில் தட்டித் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் காய்ந்ததும் ஒரு மண் கோடு தங்கிவிடும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். செம்மண்ணும், ஏதோ ஒரு மரத்தின் பூந்தூளும், கொசுவின் இறகும் சேர்ந்து விரல் அகலத்துக்குப் படிந்திருக்கும். இரண்டு மூன்று மழைக்கு விட்டால் ஓரத்தில் பாசியே பிடித்துவிடும்.

விரல் அகல மண்ணால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பேனலுக்குள் கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் ஓடும் மின்னோட்டமே அடுத்ததிலும் ஓட வேண்டும். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரைக்கும் தண்ணீர் குறைகிற கதைதான். பழைய வகைப் பேனலை நெட்டுக்குத்தாக வைத்திருந்தால், அடிவரிசைக் கலங்கள் மறைந்தாலே பேனல் முழுவதும் சோர்ந்துவிடும். இப்போது வருகிறவற்றில் கலங்களைப் பாதியாக வெட்டி, மேல்பாதி தனி, கீழ்பாதி தனி என்று இணைத்திருக்கிறார்கள். அடியில் மண் படிந்தாலும் மேல்பாதி தப்பிக்கும். நிழல் விழும் கலம் தடையாகிச் சூடேறிக் கருகிவிடாமலிருக்க, பின்பக்கப் பெட்டியில் டையோடுகள் வைத்து மாற்றுவழியும் விட்டிருக்கிறார்கள். யோசித்துச் செய்த பொருள் இது. ஆனாலும் மண் கோட்டைத் துடைப்பதற்கு ஒரு கருவியும் உள்ளே இல்லை. அதற்கு ஈரத்துணியும், தேய்ந்துபோன ஒரு பல் துலக்கும் பிரஷும், முட்டி போட்டு உட்காரப் பொறுமையும் வேண்டும்.

காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னதும் ஸ்பேனரோடு மாடிக்குப் போகிறேன். கடற்கரையிலிருந்து எவ்வளவோ தூரத்தில் இருந்தாலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்குப் பழக்கம். ஜி.ஐ. பைப்பை அறுத்த முனைகளில்தான் முதலில் துரு ஏறும், ஏனென்றால் அங்கே துத்தநாகப் பூச்சு இல்லை. கம்பியைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேக்குகள் வெயிலில் நொறுங்கிப்போயிருக்கும். டேக் அறுந்து கேபிள் தரையில் கிடந்தால் தேங்கிய மழைநீரிலேயே ஊறும். அணில் வேறு கடித்துப் பார்க்கும். ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. அதன் பிறகு வெயில் அடித்த நாட்களிலும் ஊர்கள் இருண்டே கிடந்தன. பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு மட்டும் இணைந்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். மாடி நிறைய வெயில் காயும்போது வீட்டில் ஒரு மின்விசிறி ஓடாதா என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. முதன்முதலில் கேட்டபோது எனக்கும் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி சொன்ன பதிலில் அந்தக் கேள்வி அடங்கிவிட்டது. "கம்பத்துல ஒருத்தர் ஏறி நின்னு கம்பிய முறுக்கிக்கிட்டு இருப்பாருங்கண்ணா. லைன் ஆஃப்னு நம்பித்தான் ஏறியிருப்பாரு. அப்போ உங்க மாடியில இருந்து கரண்ட் போச்சுன்னா?"

அதற்குப் பிறகு கரண்ட் போய் இன்வெர்ட்டர் அணைகிறபோதெல்லாம் எங்கோ ஒரு கம்பத்தில் நிற்கும் முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். அந்த அணைதல் எனக்கு நட்டமாகவே தோன்றுவதில்லை.

இன்வெர்ட்டர் தினமும் எப்போது விழித்தது, எப்போது உறங்கியது என்று தானே பதிந்து வைக்கிறது. பகல் மிகக் குறைவது டிசம்பர் 21, 22-இல். ஆனால் அது சீக்கிரமாக உறங்கிவிடுவது அப்போதல்ல, நவம்பர் மூன்றாம் வாரத்தில், கார்த்திகை பிறந்த கையோடு. கார்த்திகை விளக்கை மாலை ஆறு மணிக்கு ஏற்றும்போது இவ்வளவு சீக்கிரம் இருட்டிவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் சொல்வது சும்மா சொல்வதில்லை.

மார்கழி

மேகமில்லாத இரவில் பேனல் தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடுகிறது. சுற்றியுள்ள காற்றைவிடவே சில டிகிரி குளிர்ந்துபோகிறது. அதனால்தான் மாடித் தரை காய்ந்திருக்கும் விடியலிலும் கண்ணாடி நனைந்திருக்கிறது. மேகம் போர்த்திய இரவுக்கு மறுநாள் இந்த ஈரம் இருக்காது.

இந்தப் பனி இரண்டு வேலை செய்யும். பகலில் படிந்த தூசியை நனைத்துக் குழைக்கும். வெயில் ஏறியதும் அந்தக் குழைவு காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நாள்தோறும் ஓர் அடுக்காக இறுகும். காற்றுக்கு அசையாது; வாளித் தண்ணீரை வீசினாலும் போகாது. ஐப்பசித் தூசியை ஊதித் தள்ளலாம், மார்கழித் தூசியைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு வேலை, அந்தத் தூசியை எடுப்பதற்கான தண்ணீரையும் அதுவே கொண்டுவந்து வைக்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் கழுவினால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணப் புள்ளி விழும். நாளாக ஆக அந்தப் புள்ளியே நிழலாகிவிடும். பனிநீரில் உப்பில்லை, காய்ச்சி வடித்தது போன்ற சுத்தம். சூரியன் எழுவதற்கு முன் போனால் துடைப்பதற்கு வேறு தண்ணீரே வேண்டாம். நீளக் கழியில் மெல்லிய துணி சுற்றிய மாப்பை மேல்விளிம்பில் வைத்து, அழுத்தாமல் ஒருமுறை இழுப்பேன். அப்புறம் ரப்பர் வைப்பர். துளிகள் ஒன்றையொன்று தொட்டுச் சேர்ந்து, வைப்பருக்கு முன்னால் ஒரு நீர்க்கோடாக நகரும். மேலே தெளிவாக இருக்கும் நீர் கீழே வந்து சேரும்போது சாம்பல் நிறமாகிவிடும். நேற்று முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிய தூசி இவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

காக்கை எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். ஊறியபின் தானே வரும். கத்தியால் சுரண்டினாலோ இரும்பு நார் வைத்துத் தேய்த்தாலோ கண்ணாடியின் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பாமலிருக்கப் பூசியிருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். துணி சோப்புத் தூளும் வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்பதோ, மண்டி போடுவதோ கூடவே கூடாது. கண்ணாடி தாங்கினாலும் உள்ளே காகிதக் கனமே உள்ள சிலிக்கான் கலத்தில் விரிசல் ஓடும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து யூனிட்டில் தெரியும்.

விடியற்காலை என்று நேரம் குறித்திருப்பதற்குப் பனி மட்டும் காரணமில்லை. மதிய வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தெறித்துவிடலாம். அதோடு, பேனலை அணைத்து வைக்க முடியாது. வெளிச்சம் பட்டால் அதில் மின்னழுத்தம் இருக்கும். எங்கள் ஆறும் தொடராக இணைந்தவை என்பதால் நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய 300 வோல்ட் டி.சி. நிற்கும். டி.சி. பக்கத்து சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அணைத்தாலும் பேனலிலிருந்து சுவிட்ச் வரையுள்ள கம்பி உயிரோடுதான் இருக்கும். கிழக்கு இன்னும் வெளுக்காத அந்த நேரத்தில்தான் அது ஏறத்தாழ அமைதியாக இருக்கிறது. தரை வழுக்கும், பார்த்து நடக்க வேண்டும்.

அந்த நேரத்தில் தெருவில் கோலம் போடுகிறவர்களின் வாளிச் சத்தம் கேட்கும். பெருமாள் கோயிலிலிருந்து பாவைப் பாட்டு காற்றில் வந்து வந்து மறையும். ஆறு பேனலையும் துடைத்து முடிக்கும்போது விரல் நுனிகள் மரத்திருக்கும். மனம் மட்டும் நன்றாக விழித்திருக்கும். நாளின் மற்ற எந்த வேலையிலும் எனக்கு இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

நிழலைப் பற்றி எழுத வேண்டும். பனிக்காலத்தில் எங்கள் பேனலுக்கு உண்மையான இழப்பு தூசியால் வருவதைவிட நிழலால் வருவதே அதிகம்.

ஆனி மாதம் காலை ஒன்பது மணிக்குச் சூரியன் வடகிழக்கில் இருக்கும். மார்கழியில் அதே ஒன்பது மணிக்குத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நிழல் பொருளின் உயரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு நீளும். நண்பகலில்கூடச் சூரியன் 56 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆனியில் தெற்குப் பக்கம் வெளியே விழுந்துகொண்டிருந்த கைப்பிடிச் சுவரின் நிழல், இப்போது மாடிக்குள் இரண்டு அடி நுழைந்து கிடக்கிறது. சுவரும் மரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வெயில் தெற்கே சாய்ந்துவிட்டது.

தென்கிழக்கு மூலையில், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வேம்பு. ஆண்டில் பெரும்பகுதி எங்களுக்கும் அதற்கும் ஒரு வழக்கும் இல்லை. மார்கழி பிறந்தால் காலை வெயிலில் அதன் நிழல் எங்கள் மாடிக்கு வந்து முதல் இரண்டு பேனல்களின் மேல் படுத்துக்கொள்கிறது. பத்து மணிக்கு மேல்தான் எழுந்து போகிறது. அந்த வீட்டு அம்மா ஒருநாள் மதிலோரம் நின்று கேட்டார்.

"ஏனுங்க தம்பி, மரத்து நெழலு உங்க பேனலு மேல உழுகுதாமா? ரெண்டு கெளையக் கழிச்சுடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்கம்மா. மாசி வந்தா நெழலு தானா வெலகிக்குமுங்க."

சித்திரை வெயிலில் அந்த வேம்பின் அடியில்தான் அவர் கட்டில் போட்டுப் படுக்கிறார். தெருவில் கீரை விற்கிறவர் அங்கேதான் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார். எங்களுக்குக் குறைவது குளிர்காலக் காலையில் ஒரு மணி நேரத்து மின்சாரம். நாளைக்கு அரை யூனிட் இருக்கலாம். வெயிலை மின்சாரமாக்குவது நல்ல காரியம் என்று நம்பித்தான் பேனல் வைத்தேன். அதற்காக ஒரு மரத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த நம்பிக்கையில் ஏதோ கோணல் வந்துவிடும். மரத்தின் பங்கு மரத்துக்கு.

கைப்பிடிச் சுவரின் நண்பகல் நிழல் எதுவரை வருகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு கிழிப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. இங்கே உண்மையான நண்பகல் கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக்கு நாம் மேற்கே இருப்பதால் டிசம்பர் இறுதியில் 12:20 அளவில் வருகிறது. மார்கழி முதல் வாரத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, நிழல் நின்றுவிட்டது போலிருக்கும். பிறகு மயிரிழை மயிரிழையாகத் தெற்கே திரும்பத் தொடங்கும். உத்தராயணம் என்று நாம் தை முதல் நாளைக் கொண்டாடுகிறோம். சூரியன் திரும்புவதும் பொங்கலும் ஒரே நாளில் வந்தது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டும் இப்போது மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டன. தரையிலுள்ள சாக்பீஸ் கோட்டில் அந்த விலகல் கண்ணுக்கே தெரிகிறது. அதனால் பொங்கல் எனக்குச் சிறியதாகிவிடவில்லை. இத்தனை தலைமுறையாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன் என்று தோன்றுகிறது.

தை

போகிக்கு மறுநாள் காலையில் கண்ணாடியில் விரல் வைத்தால் கரி ஒட்டும். பனிமூட்டம் புகையைத் தரையோடு அழுத்தி வைப்பதால் அது கலைந்து போக வழியில்லை. 2017-இல் காந்திநகர் ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. காந்திநகரில் மாடிப் பேனல்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மட்டுமே துடைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு முறை துடைத்த பிறகும் திறன் ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. படிந்திருந்ததில் மிகப் பெரும்பகுதி மண் தூசிதான். ஆனால் எடையில் சிறுபகுதியான கரியும் மனிதன் எழுப்பும் மற்ற நுண்துகள்களும் ஒளியை அதைவிடக் கடுமையாகத் தடுக்கின்றன. ஒட்டிக்கொண்டால் எளிதில் விடுவதுமில்லை. குஜராத்தின் வறண்ட காற்று எங்கள் ஊர்க் காற்றல்ல. இங்கே இழப்பு அவ்வளவு வராது. போகி மறுநாள் மட்டும் ஒரு வாளி மழைத் தண்ணீரோடு போகிறேன். கார்த்திகையில் பிடித்து மூடி வைத்த தண்ணீர்.

தை நடுவிலிருந்து வானம் தெளிந்துவிடும். பேனலுக்கு மிகப் பிடித்த காலம் இது. அதற்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு பிடிக்காது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் சோதித்துச் சொன்னது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைந்துகொண்டே வரும். சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே கரைந்துவிடுகிறது. தை மாதக் குளிர்காற்றில் அந்த இழப்பு பாதியாகிவிடும். பனிக்காலம் என்றாலே சோலாருக்கு ஆகாது என்ற எண்ணம் பனி பொழியும் நாடுகளிலிருந்து வந்தது. எங்கள் பனிக்காலத்தில் மழைதான் பெரிய பகை.

சூரியன் எழுவது மட்டும் தை இறுதிவரைக்கும் தாமதமாகத்தான் இருக்கும். மார்கழியைவிடத் தை பத்தாம் தேதி வாக்கில் இன்வெர்ட்டர் இன்னும் சில நிமிடம் பிந்தித்தான் விழிக்கிறது. மாலையில் அதைவிட அதிகமாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

ஊரில் அம்மா இருக்கும் தோட்டத்து வீட்டில் இரண்டு பேனலும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும். அங்கே பார்க்க வேண்டியது கண்ணாடியைவிடப் பேட்டரி. மூடாக்கு நாட்கள் தொடர்ந்தால் ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்பாமலே கிடக்கும். அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் கொடுத்தாலும் கரையாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இ.பி. கரண்டில் வைத்து முழுக்க நிரப்பிவிட வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள் கொடுத்தார்கள். மாடியும் மோட்டாரும் இல்லாத வீடுகளுக்கும் சோலார் உண்டு என்று எங்கள் ஊரில் பலர் முதலில் பார்த்தது அப்போதுதான். பேனல் 25 ஆண்டு உழைக்கும். பேட்டரி ஐந்தாறு ஆண்டில் மாற்றம் கேட்கும். அதைச் சொல்லிக் கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆள் இருந்தால் நல்லது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. மாலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். "இன்னைக்கு மானம் மூடாக்காவே கெடந்துச்சு கண்ணு. வெளக்கு ஒண்ணு போதும்." மற்ற விளக்குகளை அணைத்துவிடுவார். நான் மொபைலில் வரைபடம் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவர் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அவருடைய பேட்டரிதான் நாங்கள் எல்லோரும் வைத்திருப்பதைவிட அதிக நாள் உழைத்திருக்கிறது.

மாசி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாடியில் நிற்கிறவனுக்கு அது தெரியும். ஆனால் ஈரம் குறைந்துவிட்டது. வைப்பருக்கு வேலை வாரம் ஒருமுறைதான். வேம்பு இலையுதிர்க்கிறது. உதிர்ந்த ஈர்க்கெல்லாம் பேனலின் அடியில் போய் அடைகிறது. குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றான பிறகு எங்கள் தெருவிலும் ஒவ்வொரு வீடாகக் கேட்கிறார்கள். நான்கு வீடு தள்ளி புதிதாகக் கட்டி முடித்த வீட்டில் போன வாரம் அளவெடுத்துவிட்டுப் போனார்கள். மாடியில் பளீரென்று வெயில்; நிழலே இல்லை; தண்ணீர்த் தொட்டிக்கு வடகிழக்கே பேனல் என்று முடிவாகியிருந்தது. வாஸ்துப்படி தொட்டி கன்னி மூலையில், தென்மேற்கில் உயரமாக நிற்கிறது. நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் அது அங்கேதான். மார்கழியில் மாலை நான்கு மணிக்குச் சூரியனும் அதே தென்மேற்கில்தான் இருக்கும்; தொட்டியின் நிழல் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீண்டு வடகிழக்கே, பேனல் வரவிருக்கும் இடத்துக்கே போய் விழும். அளவெடுத்தவர்கள் வந்தது முற்பகலில்.

அந்த வீட்டுக்காரரோடு மாடியில் நின்று தொட்டியின் உயரத்தை டேப்பால் அளந்தோம். தரையில் மார்கழி நிழலை வரைந்து காட்டினேன். தொட்டியை நகர்த்த அவருடைய அப்பாவுக்கு மனமில்லை; நகர்த்த வேண்டியதும் இல்லை. பேனலைத் தெற்குச் சுவரோரம் கொண்டுவந்து, கிழக்குப் பாதியில் வைத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டும்படி கால்களை உயர்த்திவிட்டால் இரண்டும் இருக்கலாம். இரும்புச் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும். பொருத்துகிறவரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். நேற்று மாலை சரி என்று தகவல் வந்தது. அறுத்த முனைகளுக்குத் துத்தநாகப் பெயின்ட் அடிக்கவும், நட்டு போல்ட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் கேட்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.